பழைய உழவு இயந்திரங்களின் ஹைட்ரோலிக் தூக்கி: பேணுதலும் பழுது பார்த்தலும்

வெலிமடைப் பகுதியிற் பெரும்போக நெல்லை அறுத்தபின், அதே வயலிற் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கும் மரக்கறியும் நடுதல் வழக்கம். இரு போகங்களுக்கும் இடையே நிலம் பண்படுத்தக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் நாற்சக்கர உழவு இயந்திரத்தின் தூக்கி பழுதாகிவிடின், எஞ்சின் நன்றாக ஓடினும் பயனில்லை. கலப்பையை உயர்த்தவோ, மட்டப்பலகையால் வயலைச் சமப்படுத்தவோ இயலாது. மேடு பள்ளமான வயலில் நெல்லுக்கு நீர் சீராக நில்லாது. கிழங்குப் பாத்தியிலோ பள்ளத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். ஆதலின், தூக்கியைப் பேணும் முறையைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

தூக்கி வேலை செய்யும் முறை

அடைபட்ட எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எப்பக்கமும் சமமாகப் பரவும். இத்தத்துவத்தைக் கொண்டு கலப்பையை உழவு இயந்திரத்துடன் மூன்று புள்ளிகளில் இணைத்து உயர்த்தும் முறையைப் பரப்பியவர் ஹரி பேர்கசன் ஆவார். இவர் அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்தவர். இவருடைய ரி.ஈ. 20 என்னும் இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியாயிற்று. 1964 இல் வெளிவந்த மசி பேர்கசன் 135 இயந்திரத்திலும் இதே முறையே அமைந்தது.

இவ்வியந்திரங்களில் எண்ணெய்ப் பம்பு பின்புறப் பெட்டியினுள், எண்ணெயில் அமிழ்ந்தபடி இருக்கும். பம்பு தள்ளும் எண்ணெய் சிலிண்டரிற் புகுந்து பிஸ்டனை நகர்த்த, தூக்குகைகள் மேலெழும். கருவி கீழிறங்குவது தன் பாரத்தினாலேயாம். பற்சக்கரங்களுக்கும் தூக்கிக்கும் எண்ணெய் ஒன்றே என்பதை மறத்தலாகாது. அதிற் சேறோ நீரோ கலப்பின் இரண்டும் கெடும்.

எண்ணெயின் நிறமே முதற் சான்று

சேற்றுழவின்போது தேய்ந்த சீல்களின் வழியாக நீர் உட்புகும். மழையில் நிறுத்திய இயந்திரத்திற் கிழிந்த ரப்பர் மூடிகளின் வழியாகவும் புகும். நீர் கலந்த எண்ணெய் பால் போல வெளுத்துக் காணப்படும். அதனாற் பம்பு தேயும், உட்பாகங்கள் துருப்பிடிக்கும்.

சேற்றுழவு முடிந்த மறுநாட் காலை, எஞ்சினை இயக்குமுன், வடிகால் ஆணியைச் சிறிது தளர்த்திப் பார்க்க. நீர் எண்ணெயிலும் பாரமாகையால் அடியில் தங்கி முதலில் வெளிவரும். எண்ணெய் வெளுத்திருப்பின் வேலை முடிந்து சூடாயிருக்கும்போதே முழுவதும் வடித்து, வடிகட்டியைக் கழுவி, கைநூலிற் குறித்த வகை எண்ணெயைக் குறித்த அளவுக்கு ஊற்றுக. நீர் புகுந்த வழியை அடைக்காமற் புதிய எண்ணெய் ஊற்றுதல் வீண் செலவாகும். பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. அது இங்குள்ள ரப்பர் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். வடித்த எண்ணெயை வாய்க்காலிற் கொட்டாதீர்கள். அது உமா ஓயாவிற் கலந்து, கீழுள்ள வயல்களுக்கும் கேடு செய்யும்.

பழுதை அறியும் ஒழுங்கு

பெட்டியைத் திறக்குமுன் எளியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும்.

1. தூக்கி சற்றும் உயராவிடின், எண்ணெய் மட்டத்தையும் நெம்புகோல்களின் நிலையையும் பார்க்க. கிளச்சை முழுவதும் மிதித்திருந்தாற் பம்பும் நின்றுவிடும் என்பதை நினைவிற் கொள்க. பின்னர் கருவியைக் கழற்றிவிட்டுச் சோதிக்க. வெறுமையாக உயர்ந்தால், பாரம் மிகுந்திருக்கலாம் அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம்.

2. மெதுவாகவோ, அதிர்ந்தோ, இரைச்சலுடனோ உயர்ந்தால், எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம், எண்ணெயிற் காற்றோ நீரோ கலந்திருக்கலாம். குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருக்குமாதலால், சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டபின் சோதிக்க.

3. உயர்த்திய கருவி எஞ்சினை நிறுத்தியதும் விரைவாகத் தாழ்ந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது மேலும் கீழும் தலையாட்டினால், உள்ளே எண்ணெய் கசிகிறது. பிஸ்டன் வளையம், சீல், வால்வு ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும்.

முதலிரண்டிற் பெரும்பாலானவற்றைக் கமக்காரர் தாமே திருத்தலாம். மூன்றாவது, தேர்ந்த மெக்கானிக்குக்கு உரிய வேலை. பெட்டியைத் திறந்தபின் பழைய சீல்கள் அனைத்தையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனம்; ஒன்றை மட்டும் மாற்றினால் விரைவில் மீண்டும் திறக்க நேரிடும். தூக்கி வலுவிழந்ததென்று அழுத்த வால்வை முறுக்கி இறுக்குவது பெரும் பிழை. அதனாற் சிலிண்டரோ குழாயோ வெடிக்கக்கூடும்.

உயிர்க்காப்பு

உயர்த்திய கருவியின் கீழ் எக்காரணத்தாலும் புகலாகாது. எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பாது, உறுதியான மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தபின்னரே அருகில் வேலை செய்க. டிப்பர் ட்ரெயிலரின் குழாயில் ஊசித்துளை அளவு கசிவு இருப்பினும், அதிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். ஆகவே கசிவைக் கையாற் தடவித் தேடாது, ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்க. எண்ணெய் தோலினுட் புகுந்தால், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மலைச்சரிவில் மேல் இணைப்பிற் சங்கிலி கட்டிப் பாரம் இழுத்தால், முன்சக்கரம் எழும்பி இயந்திரம் பின்புறமாகக் கவிழும். இழுவை எப்போதும் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே இருத்தல் வேண்டும்.

நாள்தோறும் செய்யவேண்டியவை

வேலை முடிந்ததும் கருவியை நிலத்தில் இறக்கி வைக்க. சேற்றைக் கழுவி, இணைப்புகளுக்குக் கிறீஸ் இடுக. எண்ணெய் ஊற்றுமுன் மூடியின் சுற்றுப்புறத்தைத் துடைக்க. இயந்திரத்தை நனையாத கொட்டிலில் நிறுத்துக. பெரும்போகத்துக்கு முன் ஒருமுறையும், சேற்றுழவு முடிந்தபின் ஒருமுறையும் முழுச் சோதனை செய்க. மேலதிக விளக்கம் வேண்டுவோர் தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

தூய எண்ணெயும் சிறிது கவனமும் இருப்பின், பழைய இயந்திரமும் பல போகங்களுக்கு உழைக்கும்.