திப்பு வென்றிருந்தால்?

மைசூர் அக்ரஹாரத்துத் தெருக்கள் இன்று இருப்பதுபோல இருப்பதற்கு 1799 மே 4 ஒரு முக்கியக் காரணம். அன்றுதான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். பழைய மைசூர்க் கோட்டையை இடித்துவிட்டு, அருகில் நசர்பாத் என்று புதிதாக ஒன்றை எழுப்பத் தொடங்கியிருந்தவர் அவர். ஜூன் மாதமே ஐந்து வயதுகூட நிரம்பாத கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர்கள் அரியணை ஏற்றினார்கள். தலைநகரும் மைசூருக்கே திரும்பியது. அன்று திப்பு வென்றிருந்தால்?

இந்தக் கேள்வியிலிருந்து நாவல் எழுதினால் அது மாற்று வரலாறு. பிலிப் கே. டிக் 1962-ல் எழுதிய ‘தி மேன் இன் தி ஹை கேஸில்’ இந்த வகையில் பேர்போனது. ஜெர்மனியும் ஜப்பானும் இரண்டாம் உலகப் போரில் வென்று அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்ட கதை. அதில் நேச நாடுகள் வென்றதாகச் சொல்லும் தடைசெய்யப்பட்ட புத்தகம் ஒன்று கைமாறும். அமேசான் தொடரில் அந்தப் புத்தகம் படச்சுருளாகிவிட்டது. ஒருவர் உட்கார்ந்து படிப்பதை எத்தனை நேரம்தான் காட்டுவது? 2015-ல் தொடரின் விளம்பரத்துக்காக நியூயார்க் ரயில் இருக்கைகளில் நாஜிக் கழுகு பொறித்த அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார்கள். கண்டனம் கிளம்பியதும் அகற்றினார்கள். அரை நூற்றாண்டாக நாவலில் சாதுவாகக் கிடந்த கற்பனைதான் அது!

மைசூரில் நடந்தது இன்னும் விசித்திரம். பகவான் கித்வானி 1976-ல் வெளியிட்ட ‘தி சோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ நாவலை நடிகர் சஞ்சய் கான் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். படப்பிடிப்பு மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில். 1989 பிப்ரவரி 8 அன்று அங்கே தீப்பிடித்தது. சுவர் நெடுகச் சாக்குத் துணி, காற்றோட்டம் இல்லாத அரங்கு. 62 பேர் மாண்டார்கள். உடலெல்லாம் வெந்துபோன சஞ்சய் கான் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார்.

அடுத்த ஆண்டு தூர்தர்ஷனில் தொடர் வந்தபோது வேறொரு நெருப்பு பற்றியது. திப்புவை உத்தமராகவே காட்டுகிறார்கள் என்று எதிர்ப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது வரலாறு அல்ல, கற்பனைதான் என்று அறிவித்துவிட்டு ஒளிபரப்பலாம் என்றது நீதிமன்றம். கித்வானி எழுதியது மாற்று வரலாறு அல்ல. ஆனாலும் நிஜ மன்னர், நிஜப் போர் எல்லாம் இருந்தும் திப்புவின் வாழ்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற அட்டையோடுதான் தொடர் ஓடியது. மாற்று வரலாற்றுக்கு இப்படியும் ஒரு வாசல்! அந்த அட்டையை நிதானமாகப் படித்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

தமிழில் நடந்தது நேரெதிர். ‘பொன்னியின் செல்வ’னில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் சேந்தன் அமுதன் என்று ஆள்மாறாட்டம் செய்து, அவரையே உத்தம சோழராக்கியவர் கல்கி. அது அவருடைய கற்பனை. 2023-ல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகத்தில் அந்த மாறாட்டம் கிடையாது, செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகரே முடிசூடுகிறார். அந்த ஓரிடத்தில் படம் வரலாற்றுக்கு நெருங்கி வந்திருந்தது. கல்கியின் வாசகர்கள் பலருக்கோ அதுதான் பெருங்குறை.