தலையில் தண்ணீர் ஊற்றாத அம்மா

மழையில் ஒரு கார்க்காரனிடம் சிக்கி, நனைந்து உருக்குலைந்து வீடு திரும்பிய மகளை உட்காரவைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள் ஒரு தாய். ஊர் வாயில் விழவிடாமல், நடந்ததை அந்தக் குளியலோடு கழுவி முடித்தாள். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ வெளிவந்தபோது தமிழ் வாசகர்களில் ஒரு பகுதி கொதித்துப் போனது. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

பிறகு ஜெயகாந்தனே மாற்றினார். கல்லூரிப் பெண், மழை, கார் எல்லாம் அப்படியே இருக்க, தாய் நடந்துகொண்ட விதத்தில் கை வைத்தார். இந்தத் தடவை அவள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அலறுகிறாள். அக்கம்பக்கம் கூடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இந்த ஓர் அலறலிலிருந்து கிளைத்த நாவல்.

ஒருத்தி மாறினால் ஒரு வீடே எப்படி மாறிவிடுகிறது பாருங்கள். சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூடக் கிடையாது. அம்மா ஊற்றிய தண்ணீரில் அவள் கதை முடிந்துவிட்டது. பெயருக்குத் தேவையே எழவில்லை. நாவலில் அவள் கங்கா. படித்து, உத்தியோகம் பார்த்து, யாரையும் நெருங்கவிடாமல் நிமிர்ந்து நடக்கிறவள். அடைக்கலம் கொடுத்த வெங்கு மாமாவின் பார்வையிலிருந்தே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியவள். அத்தனை உறுதியும் அம்மா கூச்சல் போட்ட அந்த ராத்திரியில்தான் அவளுக்குள் விழுந்தது.

காரில் வந்தவனைக் கவனியுங்கள். சிறுகதையில் அவன் ஒரு காரும் கொஞ்சம் வாலிபமும்தான். நாவலில் அவன் பிரபு. மனைவி உண்டு, மகள் உண்டு, எதற்கும் துணியாத மனசும் உண்டு. வெறுப்பதற்குத் தயாராகப் புத்தகத்தைத் திறந்தவர்கள்கூட நடுவில் அவனுக்காக இரங்கிவிடுகிறார்கள். பழைய சிறுகதை நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள். தண்ணீர் ஊற்றிய தாயையும் ஊற்றாத தாயையும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார் ஆசிரியர். அப்போதும் கங்கா அவரை விடவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலும் எழுத வேண்டியிருந்தது.

கதைமாந்தர் தனியாக மாறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தமிழில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பக்கத்தில் நிற்பவர் கையை நீட்டினால் ஒரு மாதிரி, கையை விட்டால் இன்னொரு மாதிரி.

தமிழுக்கு வெளியேயும் கதைமாந்தர் எழுத எழுத மாறியிருக்கிறார்கள். 1937 கடைசியில் டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுத உட்கார்ந்தார். ஒரு விடுதியின் மூலையில் யாரோ ஓர் அந்நியன் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் யாரென்று அப்போது தனக்கே தெரியாது என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதல் வடிவங்களில் அவன் மரச்செருப்பு போட்ட, ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்தவன், ட்ராட்டர் என்று பெயர். எழுத எழுத அவன் வளர்ந்து மனிதனானான். கடைசியில் அரியணைக்கு உரிய அரகார்னாகவே ஆகிவிட்டான். தஸ்தயேவ்ஸ்கியின் ‘இடியட்’ நாவலுக்கான குறிப்பேடுகளைப் புரட்டினால், தொடக்கத்தில் நாயகன் கர்வம் பிடித்த மூர்க்கன். 1868-இல் பத்திரிகையில் தொடர் ஆரம்பித்தபோது வந்து நின்றவனோ ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மிஷ்கின்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? காகிதம் இருக்கிறது. டோல்கீனின் அடித்தல் திருத்தல்களோடு கூடிய கையெழுத்துப் பிரதிகள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஜெயகாந்தன் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். மாற்றம் முழுவதும் அச்சிலேயே நடந்தது. மற்றவர்கள்? நம் பத்திரிகை உலகில் கம்போசிங் மேஜைக்குப் போன கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது அபூர்வம். பழைய பேப்பர் கடைத் தராசில் எத்தனை கங்காக்கள் எடை போடப்பட்டார்களோ!

இப்போது நிலைமை இன்னும் மோசம். பதினைந்து வருஷத்துக்கு முன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கதை எழுதினேன். அதில் ஓர் அடகுக்கடைக்காரர், ஈவிரக்கமில்லாதவர். பதினோராம் பக்கத்தில் ஒரு பெண் தாலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோது, அவர் கை பின்னால் போய்விட்டது. நான் நினைத்து எழுதவில்லை. திரும்பிப் போய் முதல் பத்துப் பக்கத்தையும் அடித்து எழுதினேன். அடித்த வரிகளை இன்றும் படிக்கலாம். போன வருஷம் கணினியில் எழுதிய கதையில் ஒரு மாமியார் அதேபோல மாறினார். எந்த வரியில், எதனால் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அழித்த இடத்தில் தழும்புகூட இல்லை.

முடிந்த படைப்புதான் படைப்பு, அடுப்படியை விருந்தாளிக்குக் காட்ட வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவன் விருந்தாளி அல்ல. அவன் அடுப்படிக்குத்தான் வர வேண்டும்.

ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபட்டால் ‘பாடபேதம்’ என்று குறித்து வைத்த மரபு நம்முடையது. ஓலைக்குக் கொடுத்த மரியாதையைச் சொந்தக் காகிதத்துக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். கதை திரும்பும் ஒவ்வொரு தடவையும் பழையதை அழிக்காதீர்கள். தேதி போட்டுத் தனியாக வையுங்கள். வாரிசுகளே, பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். தண்ணீர் ஊற்றிய தாய் இன்னும் அச்சில் இருப்பதால்தான், ஊற்றாத தாயின் அலறல் நம் காதில் இத்தனை உரக்க விழுகிறது.