மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிவிடியில் அடக்கலாமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இரண்டு வேலை. வியாபாரத்தைக் கவனிப்பது ஒன்று. பருப்பும் மிளகாய் வற்றலும் ஈரம் கோர்க்காமல் காப்பது மற்றொன்று. ஆனால் அதே ஈரம் வீட்டுப் பீரோவில் உள்ள வீடியோ கேசட்டுகளையும் விட்டுவைப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். பிள்ளைகளின் கல்யாணக் கேசட், 1990-ல் காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரக் குடமுழுக்கின்போது எடுத்த கேசட் என்று பத்திரப்படுத்தியவை பல வீடுகளில் வெள்ளைப் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புதிய வி.சி.ஆர். வருவது நின்றது.

ஆகவே, டிவிடி பிளேயர் உள்ள வீடுகளில் பெரியவர்கள் பார்க்க வசதியாக, கேசட்டுகளை டிவிடியில் மாற்றித் தரக் கேட்கிறோம். இங்கேதான் கவனம் தேவை.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் குடும்பத்தில் இரண்டு கேசட்டுகளை ஒரே டிவிடியில் அடக்கி வாங்கினார்கள். மணமேடைக் காட்சிகள் சுமாராக இருந்தன. காலஞ்சென்ற தகப்பனார் ஐந்தருவியில் குளிக்கும் காட்சியில் மட்டும் முகம் தெரியவில்லை. படம் முழுவதும் சிறு சிறு கட்டங்கள். கேசட்டைத் தேடினால், வேலை முடிந்ததென்று குப்பையில் போட்டாகிவிட்டது.

கணக்கு இதுதான்

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டினால் எடைக் குறைவு என்று எண்ண வேண்டாம், அளவுமுறைதான் வேறு. இது ஏறத்தாழ 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும். மூன்று மணி என்றால் 35 லட்சம். நான்கு மணி என்றால் 26 லட்சம்தான். மூட்டை ஒன்றே, நேரம் கூடக் கூட ஒவ்வொரு நொடிக்கும் அளந்து போடுவது குறைகிறது. அசையாத மணமேடைக்குக் கொஞ்சம் போதும். அருவியிலோ ஒவ்வொரு துளியும் அசைவதால் அதற்கு மிக அதிகம் வேண்டும். அது கிடைக்காதபோது படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

நமது 180 கேசட் மூன்று மணி நேரம் ஓடுவது. அதை ஒரே டிவிடியில் அடக்க வழி உண்டு. மாற்றித் தருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. ஒலியைச் சுருக்காமல் வைத்தால் அதுவே நொடிக்கு 15 லட்சம் பிட் தின்றுவிடும். டால்பி முறையில் வைத்தால் 2 லட்சம் போதும். மிச்சம் படத்துக்கு.

2. பழைய கேசட்டில் நுணுக்கமான விவரம் ஏற்கெனவே குறைவு. ஆகவே 720-க்கு 576 புள்ளி என்ற முழு அளவு தேவையில்லை. 352-க்கு 576 வைத்தால் பெரிய இழப்பில்லாமல் கட்டங்கள் குறையும்.

3. பிட் அளவை ஒரே சீராக வைக்காமல், படத்தை முதலில் ஒருமுறை அலசி, அருவிக்குக் கூடுதலாகவும் மேடைக்குக் குறைவாகவும் பிரிக்கும் இருமுறைப் பதிவைக் கேளுங்கள்.

4. வெறும் புள்ளியாய் ஓடும் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் இந்த வழிகளும் கைகொடுக்கா. இரண்டு டிவிடியாகப் பிரியுங்கள், அல்லது 8.5 ஜி.பி. கொண்ட இரட்டை அடுக்கு டிவிடியைக் கேளுங்கள். ஒரு டிவிடியின் விலையை மிச்சம் பிடித்துத் தகப்பன் முகத்தை இழப்பது லாபமாகாது.

பூசணம் பிடித்த கேசட்டை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. கருவியின் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூசணம் பரவும். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். சுருக்குவதற்கு முந்தைய பெரிய பதிவையும் கேட்டு வாங்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். டிவிடி பார்ப்பதற்கு, காப்பதற்கு அந்தப் பதிவு.

சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நாம், இதிலும் அருவிக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்போம். அதுவரை கேசட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.