காற்று பார்த்துக் கடல்
திருத்துறைப்பூண்டிக்காரி நான். துடுப்புப் பலகைமேல் நிற்கக் கற்றது ராமேசுவரம் தீவில். தென்மேற்குக் காற்று மாதங்களில் அங்கே மன்னார் வளைகுடா குமுறும், பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றில் அப்படியே தலைகீழ்.

அந்த அடக்கத்தை நம்பிவிடாதீர்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால்தான் கரையோரம் அலை இல்லை. அதே காற்று பலகையை ஆழத்துக்குத் தள்ளும்; நிற்கும் உடலே பாய்மரம். தள்ளத் தொடங்கினால் உடனே மண்டியிட்டு, குனிந்து கரை நோக்கித் துழாவுங்கள். உயிர்காப்பு அங்கியும், காலைப் பலகையோடு பிணைக்கும் கயிறும் கட்டாயம். கயிறு இருந்தால் விழுந்தாலும் பலகை கைக்கெட்டும்.

மற்றதெல்லாம் எளிது: முழங்கால் சற்றே மடங்கட்டும், பார்வை தொடுவானில் இருக்கட்டும்.

எங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காயல் ஆழமற்றது; பலகையோடு இறங்கத் தோன்றும். ஆனால் அது காப்புக்காடு. வலசைப் பறவைகள் இரைதேடும் இடம். அங்கே வனத்துறை அனுமதியோடு படகில் போவதே முறை.