வாக்குரிமையும் தாய்நாட்டுப் பற்றும்

ஆரணியின் நெசவாளர் இல்லங்களில் தமிழும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் ஒலிக்கின்றன. எனினும் தேர்தல் நாளில் அனைவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கின்றோம். வீட்டு மொழியைக் கொண்டு ஒருவருடைய நாட்டுப்பற்றை அளத்தல் தகாது என்பதற்கு நம் ஊரே சான்று.

இவ்வுண்மையை மறந்ததன் விளைவை உக்ரேனில் காண்கின்றோம். 1991 டிசம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 90 விழுக்காட்டினருக்கு மேல் விடுதலையை ஆதரித்தனர். ரஷ்ய மொழி மிகுதியாக வழங்கும் கிழக்குப் பகுதிகளிலும் பெரும்பான்மையோர் அவ்வாறே வாக்களித்தனர். ஆயினும், ரஷ்ய மொழி பேசுவோரைக் காப்பதாகக் கூறி ரஷ்யா 2014-இல் கிரீமியாவைக் கைப்பற்றியது. 2022-இல் பெரும்போர் தொடுத்தது.

நம்மிடையேயும் பிரிவினைக் குரல் எழுந்ததுண்டு. தேர்தலில் நிற்போர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிகூற வேண்டுமென 1963-இல் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் விதித்தது. அவ்வாண்டே திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இல் 234 இடங்களுள் 137-ஐ வென்று அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். 1969 ஜனவரி 14 அன்று நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றது. தமிழர் என்ற உணர்வு இந்தியர் என்ற உணர்வைக் கெடுக்கவில்லை.

இலங்கையிலும் 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் இத்தகைய உறுதிமொழியைக் கோரியது. 1977 தேர்தலில் 18 இடங்களை வென்றிருந்த தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணியினர் அதனை ஏற்க மறுத்துப் பதவி இழந்தனர். வாக்கின் குரல் ஓய்ந்தது; துப்பாக்கியின் குரல் 2009 வரை ஓயவில்லை.

இரண்டும் ஒத்த உறுதிமொழிகளே. விளைவு மட்டும் ஏன் மாறியது? இங்கே மொழிக்கு மாநிலமும் வாக்குக்கு மதிப்பும் இருந்தன. அங்கோ, 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர் இல்லங்கள் எரிந்த சாம்பல் ஆறுமுன்னரே உறுதிமொழி கேட்கப்பட்டது. நம்பிக்கை அளிக்காத அரசு பற்றுறுதியைக் கேட்டுப் பெற இயலாது.

தாய்நாட்டை நேசியுங்கள், ஆனால் அந்நேசம் குறுகிய மனத்தால் மாசுபட வேண்டாம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பிக்கின்றது. வாக்களித்தல் கடமை என்றும் அது உரைக்கின்றது. ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, வாக்கைப் பணத்துக்கு விற்காதீர்கள். அயலாரின் மொழியைப் பிள்ளைகள் எள்ளி நகையாட இடந்தராதீர்கள். பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எம்மொழியையும் அழித்து ஒருமையை உண்டாக்கவில்லை. அவரவர் மொழியிலேயே அனைவரும் நற்செய்தியைக் கேட்டனர்.