அடா மொழியும் அரிய கணிப்பொறிகளும்

தோற்றுவாய்

இயற்கை மொழிகளில் இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றுதல் இயல்பு. இவ்வியல்புக்கு மாறாக, இலக்கணம் முதலில் வகுக்கப்பெற்றுப் பின்னர் வழக்கிற்கு வந்த கணிப்பொறி மொழி ஒன்று உண்டு. அதுவே அடா.

1970களின் இடைப்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணிகளில் 450க்கும் மேற்பட்ட கணிப்பொறி மொழிகள் வழங்கின. ஒரு குழுவினர் எழுதிய நிரலை மற்றொரு குழுவினர் திருத்துவது அரிதாயிற்று. எனவே பொதுமொழி ஒன்றினைக் காண 1975இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அம்மொழிக்குரிய வரையறைகள், 'வைக்கோல் மனிதன்' என்னும் பெயரில் தொடங்கிப் பலமுறை திருத்தம் பெற்று, 1978இல் 'எஃகு மனிதன்' என நிறைவெய்தின. நான்கு நிறுவனங்கள் போட்டியிட, ழான் இக்பியா தலைமையில் பிரான்சில் உருவான மொழி 1979இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாபேஜின் பகுப்புப் பொறி குறித்து 1843இல் விளக்கக் குறிப்புகள் வரைந்த அடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அவர் பிறந்த 1815ஆம் ஆண்டே அம்மொழியின் தர எண்ணாகவும் அமைந்தது.

கம்பைலரின் பணி

நாம் எழுதும் நிரலைப் பொறி நேரே அறியாது. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்த கட்டளைத் தொகுதி உண்டு. நிரலை அக்கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மொழி ஒன்றேயாயினும் செயலிகள் பலவாதலின், ஒவ்வொரு வகைச் செயலிக்கும் அதற்கேற்ற கம்பைலர் வேண்டும். பரவலான கணிப்பொறிகளுக்கு இஃது எளிதில் கிடைக்கும். விண்கலத்திலும் ஏவுகலத்திலும் அமரும் அரிய செயலிகளுக்கோ நிலைமை வேறு.

அருமைக்குக் காரணங்கள்

காரணங்கள் மூன்று. முதலாவது, அடாவின் விரிவு. ஒரே வேளையில் பல பணிகளை நடத்துதல், பிழை நேர்ந்தவிடத்துக் கையாளுதல், காலம் தவறாமை ஆகியவற்றை அது மொழிக்குள்ளேயே கொண்டுள்ளது. ஆகவே கட்டளைகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இயக்கத்தின்போது துணைநிற்கும் நிரலகம் ஒன்றையும் அப்பொறிக்கெனப் படைத்தாக வேண்டும்.

இரண்டாவது, தேர்வு. தொடக்க ஆண்டுகளில், சோதனைத் தொகுதியில் தேறாத கம்பைலர் அடா என்னும் பெயரைத் தாங்க இயலாது. மேலும், அச்சான்று குறிப்பிட்ட பொறிக்கே உரியது. 1983இல் முதற்சான்று பெற்றது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் படைப்பாகும். அதுவும் விரைவு மிகக் குறைந்தது.

மூன்றாவது, பொருளியல். அரிய செயலியை வாங்குவோர் சிலரே. கம்பைலர் ஆக்கும் உழைப்போ குறைவதில்லை. அடாவையே முதன்மை மொழியாகக் கருதி இண்டெல் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 432 செயலியும் மெதுவாக இயங்கியமையால் சந்தையில் நிலைக்கவில்லை. அரசுப் பணிகளில் அடா கட்டாயம் என்னும் விதியும் 1997இல் கைவிடப்பட்டது.

நாட் காட்டிய வழி

இத்தடைகளுக்கு 1990களில் வழிகண்டது 'நாட்' என்னும் கம்பைலர். நியூயார்க் பல்கலைக்கழகத்திலேயே தோன்றிய இது, மூலநிரல் வெளிப்படையாக உள்ள ஜிசிசி தொகுப்பின் மீது கட்டப்பட்டது. மொழியை ஆராயும் முற்பகுதி எல்லாப் பொறிகளுக்கும் பொது. செயலிக்குரிய கட்டளைகளை ஆக்கும் பிற்பகுதி ஜிசிசி தருவது. ஆதலின் ஜிசிசி சென்ற செயலிக்கெல்லாம் அடாவும் செல்ல வழி பிறந்தது.

இங்கும் ஒரு முடிச்சு உண்டு. நாட்டின் முற்பகுதி அடா மொழியிலேயே எழுதப்பட்டது. அடாவே இல்லாத பொறியில் அதனை எவ்வாறு உருவாக்குவது? ஏற்கெனவே நாட் இயங்கும் பொறியொன்றில், புதிய பொறிக்குரிய கட்டளைகளை ஆக்கி எடுத்துச் செல்வர். ஓர் அகலின் சுடர்கொண்டு மற்றோர் அகலை ஏற்றுதல் போன்றது இது.

இயங்குதளமே இல்லாத சிறு செயலிகளுக்கு மற்றொரு வழி காணப்பட்டது. 1997இல் இங்கிலாந்தின் ரேவன்ஸ்கார் என்னும் ஊரில் கூடிய வல்லுநர்கள், பல்பணி வசதிகளுள் இன்றியமையாதவற்றை மட்டும் தொகுத்தனர். சுருங்கிய அவ்வடிவம் சிறிய நிரலகத்தில் அடங்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் லியோன் செயலிகளில் அடா இயங்குவதற்கு இவ்வடிவம் பெரிதும் துணைசெய்கிறது.

ஒரு பாடம்

கம்பைலர் இருப்பின் யாவும் நலமோ எனின், அன்று. 1996 ஜூன் 4 அன்று ஏரியேன்-5 ஏவுகலம் புறப்பட்ட 40 நொடிகளில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றதே காரணம். அத்தகைய ஏழு மாறிகளுள் நான்கிற்கே காப்பு அளித்திருந்தனர். செயலியின் பளு 80 விழுக்காட்டைக் கடக்கலாகாது என்பதால் மூன்று விடப்பட்டன. அடா பிழையைக் கண்டுகொண்டது; ஆயின் அம்மாறிக்குரிய காப்பை எழுதிவைத்தார் இலர்.

நிறைவாக

வானூர்தியும் விண்கலமும் பல்லாண்டுகள் உழைப்பவை. அவற்றிலுள்ள செயலி சந்தையில் மறைந்தாலும், அதற்குரிய கம்பைலர் மறையலாகாது. மறைந்தால் உயிர்காக்கும் நிரலில் ஒரு வரியையும் திருத்த இயலாது. சீரிய இலக்கணம் மட்டுமே ஒரு மொழியை வாழவைப்பதில்லை. புதிய களங்களுக்கு அதனைச் சுமந்து செல்வோரும், பயனர் சிலரேயாயினும் பேணுவோரும் இருத்தல் வேண்டும். கணிப்பொறி பயிலும் மாணவரும் மொழி பயிலும் மாணவரும் ஒருங்கே எண்ணத்தக்க உண்மை இது.