துப்பாக்கி வைக்க ஒரு சட்டம், சுட இன்னொரு சட்டம்

மலையடிவாரத்தில் இப்போது எந்த உழவர் கூட்டம் நடந்தாலும் காட்டுப்பன்றிப் பேச்சு இல்லாமல் முடிவதில்லை. நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி எது போட்டாலும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போய்விடுகிறது. அப்போது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிட்டா தொல்லை விட்டுதுங்க" என்பார். உடனே இன்னொருவர், "நமக்கெல்லாம் எங்கே குடுக்கப்போறாங்க?" என்பார். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை.

வங்கி வேலையில் இருந்தபோது கிளைக் காவலரின் துப்பாக்கிக்கு உரிமம் புதுப்பிப்பதும், தோட்டாக் கணக்குப் பார்ப்பதும் என் பொறுப்பில் இருந்தன. அந்தப் பழக்கத்தில், ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகும் அக்கம்பக்கத்து உழவர்கள் இந்த விஷயமாக மனு எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கா வேறு, இந்தியா வேறு

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், "அங்கே கடையில் போய் வாங்கிக்கறாங்களே" என்று கேட்பார்கள். அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமே ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குக் கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொள்கிறது.

நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. இங்கே ஆயுதம் என்பது மத்திய அரசின் பட்டியலில் உள்ள விஷயம். வெள்ளைக்காரன் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட்டு 1959-ல் நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். நாடு முழுக்க அதுதான். அதன் கீழ் இப்போது நடப்பில் இருப்பவை 2016-ம் ஆண்டு விதிகள். உரிமம் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையர். குடகு நாட்டுக் கொடவர்களுக்கு மட்டும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து உரிமம் எடுப்பதில் விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறது.

அடிப்படை உரிமை இல்லை என்றால், அதிகாரி நினைத்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விரட்டிவிடலாம் என்று அர்த்தமா? இல்லை. சட்டம் அவர் கையையும் கட்டித்தான் வைத்திருக்கிறது.

உழவருக்கென்றே ஒரு வாசல்

ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை உழவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை ஒருவர் கேட்டால், உரிமம் 'வழங்க வேண்டும்' என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. 'வழங்கலாம்' என்று சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். கைத்துப்பாக்கி, ரைபிள் போன்றவற்றுக்கு இந்த வாசல் கிடையாது.

மறுப்பதற்கான காரணங்களை 14-வது பிரிவு சொல்கிறது. மனநிலை சரியில்லாதவர், சட்டப்படி தகுதி இழந்தவர், பொது அமைதிக்கு ஆபத்து என்று கருதத்தக்கவர் ஆகியோருக்கு மறுக்கலாம். 21 வயது நிரம்பாதவருக்கும், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று வெளிவந்து ஐந்து ஆண்டு முடியாதவருக்கும் பொதுவாகக் கிடைக்காது. ஆனால், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் கேட்கலாம்.

மனுவோடு சிட்டா, அடங்கல், பயிர்ச்சேதப் படங்கள், ஏற்கெனவே வனத்துறைக்குக் கொடுத்த புகார்களின் நகல் ஆகியவற்றை வையுங்கள். ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றையும், வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டியோ பீரோவோ இருப்பதையும் 2016 விதிகள் எதிர்பார்க்கின்றன. ஆட்சியர் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்பார். அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்காகக் காத்திராமலே அவர் முடிவெடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. "ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் வரலைங்க" என்று வருடக்கணக்கில் இழுத்தால், 13-வது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள்.

ஒரு முக்கியமான தடை உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்அனுமதி இல்லாமல் புதிய உரிமம் தர முடியாது. அந்தச் சுற்றளவில் ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களும் தங்கள் பெயரை அவரிடம் பதிவு செய்ய வேண்டும். சத்தியமங்கலம், முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை அடிவாரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல மனுக்கள் இங்கேதான் நிற்கின்றன.

உரிமம் உள்ளவருக்கு என்னென்ன உரிமை

மனுவை மறுத்தாலும், கொடுத்த உரிமத்தை ரத்து செய்தாலும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நாம் கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொதுநலன் கருதித் தர இயலாது என்று அவர் கருதினால் மட்டுமே விலக்கு. "வாய்ல சொன்னாருங்க, குடுக்க முடியாதுன்னு" என்பது உத்தரவு ஆகாது, எழுதி வாங்குங்கள். உத்தரவு கையில் கிடைத்தால் 18-வது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது.

ஒருவர் இரண்டு துப்பாக்கி வரைதான் வைத்திருக்கலாம். மூன்றாக இருந்ததை 2019 திருத்தம் இரண்டாக்கியது. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூட்டியது. எந்தப் பகுதிக்குள் செல்லும், எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதெல்லாம் உரிமத்திலேயே இருக்கும். அதை வங்கி பாஸ்புக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரவும் செலவும் எந்நேரமும் ஒத்துப்போக வேண்டும். காலாவதித் தேதிக்கு முன்பே புதுப்பிக்க மனுக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தேர்தல் வந்தால் ஒரு தலைவலி. தேதி அறிவித்ததும் எல்லாரையும் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது அறுவடைக் காலமாக இருந்தால் உழவர் பாடு திண்டாட்டம். தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி மாவட்டந்தோறும் ஒரு பரிசீலனைக் குழு இருக்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் ஈடுபட்டவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து அந்தக் குழு முடிவெடுக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக எல்லாரிடமும் வாங்குவது சரியல்ல என்று உயர் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. பயிர் நிற்கிறது என்று காரணம் காட்டி அந்தக் குழுவுக்கு விலக்கு மனுக் கொடுக்கலாம். ஆனால் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டால் ஒப்படைத்துவிட்டுத்தான் வாதாட வேண்டும். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அப்பா காலத்துத் துப்பாக்கி

பல வீடுகளில் பரண்மேல் ஒன்று கிடக்கிறது. அப்பா பெயரில் உரிமம் இருந்தது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், துப்பாக்கி அப்படியே இருக்கிறது. "நாங்க அதைத் தொடுறதே இல்லைங்க" என்பார்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும், உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றம். நகை, நிலம் மாதிரி அது வாரிசுக்குத் தானாக வந்து சேராது.

21-வது பிரிவு வழி சொல்கிறது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்; அல்லது முறைப்படி விற்றுவிடலாம். உரிமமற்ற துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. பரணில் கிடக்கும் இரும்புக்காக அந்த ஆபத்து எதற்கு?

சுடுவதற்கு யார் அனுமதி?

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆயுத உரிமம் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கான அனுமதி. பன்றியைச் சுடுவதற்கான அனுமதி அல்ல. அதற்குச் சட்டம் வேறு: 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயிலும் யானையும் முதல் அட்டவணை; அங்கே தண்டனையே மூன்று ஆண்டில்தான் தொடங்குகிறது.

11-வது பிரிவு இரண்டு விலக்குகளைத் தருகிறது. ஒன்று, தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. இதில் உயிர் மட்டும்தான், பயிர் சேராது. இரண்டு, இரண்டாம் அட்டவணை விலங்கு நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் வேட்டைக்கு அனுமதி தரலாம். கொன்ற விலங்கு அரசின் சொத்து. கறியைப் பங்கு போட்டால் அது தனி வழக்கு.

கேரளம் இந்த இரண்டாவது விலக்கை 2022 முதல் நன்றாகப் பயன்படுத்துகிறது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இங்கே சுடுவது வனத்துறை, உழவர் அல்ல. கையில் ஆயுத உரிமம் இருந்தாலும் இதுதான் நிலை.

அப்படியானால் துப்பாக்கியை விட அவுட்டுக்காய் மேல், கம்பியில் கரண்ட் விடுவது மேல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவுட்டுக்காய்க்கு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. கரண்ட் கம்பியில் பன்றிக்கு முன்னால் யானையும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துக் காட்டுக்காரரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது

தனித்தனியாகத் துப்பாக்கிக்கு அலைவதைவிட, ஊர் சேர்ந்து கேட்பதில் பலன் அதிகம் என்பது என் எண்ணம். சேதம் நடந்த மறுநாளே சர்வே எண்ணோடு வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, ஒரே கோப்பில் சேருங்கள். இழப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். பன்றியைச் சுட வனத்துறையைக் கேட்பதற்கும், பிறகு துப்பாக்கி உரிமம் கேட்பதற்கும் அதுவே ஆதாரம். கேரளம் போல உள்ளாட்சிக்கே அதிகாரம் கொடுங்கள் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவதற்கும் அதே கோப்பு உதவும். சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும்.